உதவிக்கு முகத்தை விலை கேட்காதீர்கள்

வன்னியில் நலிந்த ஒரு குடும்பத்துக்கு யாரேனும் உதவ முன்வந்தால், அரிசி மூடைக்கு முன்னே கைபேசிக் கமரா அந்த வீட்டு முற்றத்துக்குள் நுழைகிறது. தாயின் முகம், பிள்ளைகளின் முகம், ஓட்டை விழுந்த தகரம், உக்கிப்போன கிடுகு, அடுப்படியில் கிடக்கும் வெறும் சட்டி என்று எல்லாம் பதிவாகின்றன. பொழுதுபடுவதற்குள் அவை உலகமெங்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்குக் கிராமங்களிலும் இது இன்று வழமையாகிவிட்டது. வழமையாகிவிட்டது என்பதற்காக அது சரியாகிவிடாது. ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்க அந்தக் குடும்பத்தின் மானத்தை விலையாகக் கேட்பது அநீதி. படம்பிடிப்பவர், பணம் அனுப்புபவர், பார்த்துப் பகிர்பவர், பார்த்தும் பேசாமலிருக்கும் பத்திரிகைகள் என எல்லோருக்கும் இந்த அநீதியில் பங்குண்டு.

2025 மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் உதவிக் காணொளிகளை வெளியிட்டுவந்த யூடியூபர் ஒருவர் கைதுசெய்யப்பட்டு, நீதிமன்ற உத்தரவின்பேரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். உதவி கொடுக்கப்போன வீட்டில் இளம்பெண் ஒருவரை இழிவாகப் பேசிய காணொளியே அதற்கு வழிவகுத்தது. அந்த வழக்கு நீதிமன்றத்துக்குரியது. அதைப் பற்றி நாம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஓர் ஆளைப் பிடித்து உள்ளே போட்டதோடு விடயம் முடிந்துவிட்டதாக எங்கள் சமூகம் எண்ணிக்கொண்டதே, அது கவலைக்குரியது. சில நாட்கள் முகநூல் முழுவதும் அவரை ஏசியது. பிறகு அதே முகநூலில் வேறு ஒருவர் வேறு ஒரு வீட்டு வாசலில் நின்றார். பார்வையாளர் அங்கே போய்விட்டனர். அந்த மனிதர் பேசிய பேச்சுத்தான் பிழை, செய்த வேலை சரி என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த வேலையே பிழை என்பதுதான் எமது நிலைப்பாடு.

இத்தகைய காணொளி ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவுவரை பொறுமையாகப் பார்த்தால், மற்றவையும் எப்படி இருக்கும் என்பது விளங்கிவிடும். மோட்டார் சைக்கிள் பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்புகிறது. படலையடியில் ஒரு பெண் நிற்கிறார். “அம்மா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?” என்பது முதற் கேள்வி. “பிள்ளையளின்ர அப்பா எங்க?” என்பது அடுத்தது. “விட்டிட்டுப் போயிட்டாரோ?” என்பது அதற்கடுத்தது. அவர் தலையைக் குனிகிறார். கமரா இன்னும் கிட்டப் போகிறது. கண் கலங்கியதும் சோக இசை சேர்க்கப்படுகிறது. பத்து வயதுப் பிள்ளையிடம், “பெரிசா வந்து அம்மாவை வடிவாப் பாப்பீங்களோ?” என்று கேட்கிறார்கள். பின்னர் பையைத் திறந்து அரிசி, மா, சீனி, பருப்பு, சோயாமீற், சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் ஓர் அண்ணாவின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்ற அறிவிப்பும் வருகிறது. முடிவில் அந்தப் பெண் கைகூப்ப வேண்டும். மறந்துவிட்டால், “அண்ணாவுக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ அம்மா” என்று நினைவூட்டுகிறார்கள்.

அதற்குக் கீழே கருத்துகள் வருகின்றன. இரங்குபவர்கள் உண்டு. இன்னொரு வகையினரும் உண்டு. கையிலே போன் இருக்கிறதே, இவவுக்கு என்ன கஷ்டம் என்கிறார் ஒருவர். இந்த வயதில் உழைத்துச் சாப்பிடலாமே என்கிறார் இன்னொருவர். கட்டியிருக்கும் உடுப்பை, தோட்டை, பிள்ளைகளின் எண்ணிக்கையை, விட்டுப்போன கணவனை எல்லாம் வைத்து, முன்பின் அறியாத ஆயிரம் பேர் ஒரு பெண்ணின் வாழ்க்கையை விசாரணை செய்கிறார்கள். ஒரு மாதம் கூடத் தாங்காத ஒரு பைச் சாமானுக்காக அவர் இந்த விசாரணைக்கு ஆளாகிறார்.

மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் கைபேசி இருக்கிறது. ஆசிரியருக்கும் வாகனச் சாரதிக்கும் கடைக்காரருக்கும் அந்த வீட்டுக் கதை இப்போது தெரியும். பத்து வருடங்கள் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும்போதும், கலியாணம் பேசி வரும்போதும் அந்தக் காணொளி அழியாமல் கிடக்கும். பசித்த நாளில் தாய் கொடுத்த சம்மதம் பிள்ளையின் ஆயுள் முழுவதையும் கட்டுப்படுத்துகிறது. “அவையள் சம்மதிச்சுத்தானே எடுத்தனாங்கள்” என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சம்மதத்துக்கு, மாட்டேன் என்று சொல்லக்கூடிய தாய் யார்?

மானம் போவது ஒரு தீங்கு. அதைவிடப் பெரிய தீங்கு இன்னொன்று உண்டு. இந்தக் காணொளிகள் வறுமைக்கான காரணத்தை எங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் அழுகின்ற ஒரு பெண்ணும் இரங்குகின்ற ஓர் ஆளும்தான். அந்தப் பெண் எப்படி அந்தக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார் என்ற கதை அங்கே இல்லை.

அந்தக் கதையை நாம் எல்லோரும் அறிவோம். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனபோது இங்கே சனம் இல்லை. உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த பிறகு, எஞ்சியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களிடம் வீடு இல்லை, மாடு இல்லை, உழவு இயந்திரம் இல்லை. பல குடும்பங்களில் உழைக்கும் ஆணும் இல்லை. சிலர் இறந்துபோனார்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், சிலர் தடுப்பிலிருந்து வந்தபோது பழையபடி உடலுழைப்புச் செய்யும் நிலையில் இல்லை.

பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அது பெரிய உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் சீமெந்தும் மணலும் கூலியும் ஏறிக்கொண்டே போயின. அத்திவாரம் போட்ட வீட்டைக் கூரை வரை கொண்டுவரக் கடன் பட்டவர்கள் ஏராளம். அந்த நேரத்தில்தான் ஏ9 வீதியோரம் வங்கிகளும் லீசிங் கடைகளும் நுண்கடன் நிறுவனங்களும் வரிசையாகத் திறக்கப்பட்டன. ஆவணம் வேண்டாம், பிணை வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்தால் போதும் என்று ஒழுங்கைக்குள் வந்து சொன்னார்கள்.

குழுக்கடன் எப்படி இயங்குகிறது என்பதை வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கிழமையில் ஒரு நாள் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் பெண்கள் கூடுவார்கள். அறவிட வரும் இளைஞர் அட்டைகளை வாங்கிக் கையெழுத்திடுவார். ஒருத்தியிடம் அந்தக் கிழமைக் காசு இல்லையென்றால் மற்ற நால்வரும் சேர்த்துக் கட்ட வேண்டும், அல்லது அவள் கொண்டுவரும்வரை எல்லோரும் அங்கேயே இருக்க வேண்டும். ஒரே ஒழுங்கைக்காரிகள், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள், ஒருவரை ஒருவர் துரத்தும் நிலை வருகிறது. முதற் கடனைக் கட்ட இரண்டாம் நிறுவனத்திடமும், இரண்டாவதைக் கட்ட மூன்றாம் நிறுவனத்திடமும் போகிறார்கள். மழை பொய்த்த வருடத்தில் எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கிறது.

2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் குவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, கடன் அறவிடுவோர் பெண்களை உடலாலும் மனத்தாலும் வதைப்பதையும், தவணைக்குப் பதிலாகப் பாலியல் இலஞ்சம் கேட்கப்பட்ட சம்பவங்களையும் பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டு அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் விதித்தது. 35 வீதத்தில் நிறுத்துவதற்கே அரசாங்கம் தலையிட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். இது தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2010 இல் ஆந்திராவில் இதே கொடுமை எல்லை மீறியபோது மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எங்கள் ஊர்களில் என்ன பேசினோம்? “ஆடம்பரத்துக்குக் கடன் பட்டவள்” என்றோம். “ரீவி வாங்கினவ, ஃபிரிட்ஜ் வாங்கினவ” என்றோம். கோயில் வீதியிலும் சந்தையிலும் இதைச் சொன்னவர்கள் பலர் பெண்கள்தான். பத்திரிகைகளும் அதே பேச்சை அச்சில் ஏற்றின. கடன்சுமையால் ஒரு தாய் உயிரை மாய்த்தால் அவரின் பெயர், வயது, ஊர், கணவன் பிரிந்து போன விபரம் வரை வெளியாகும். எந்த வட்டியில் கடன் கொடுக்கப்பட்டது, அறவிட வந்தவர் எந்த நேரத்தில் வந்தார், அந்த நிறுவனத்துக்கு மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்பன வெளியாவதில்லை. இறந்தவரின் அந்தரங்கம் செய்தியாகிறது. கடன் கொடுத்தவரின் பெயர் “தனியார் நிதி நிறுவனம்” என்ற மூன்று சொற்களுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது.

ஒரு சமூகப் பிரச்சினையை எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அதற்கு என்ன செய்கிறோம் என்பதும் அமைகிறது. இதற்கு இலங்கையிலேயே கண்முன் சான்று உண்டு. 1995 அளவில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நிகழும் நாடுகளில் இலங்கையும் ஒன்றாக இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் இறந்தார்கள். கோழைத்தனம், காதல் தோல்வி, குடும்பச் சண்டை என்று அதைத் தனி ஆட்களின் குறையாகவே நெடுங்காலம் பேசினோம். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் வேறு விதமாகக் கேட்டார்கள். கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் ஏன் ஒவ்வொரு கமக்காரர் வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பது அவர்களின் கேள்வி. அவை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. தற்கொலை வீதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 1995 முதல் 2015 வரையான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் இந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். செத்தவரைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடியதால் கிடைத்த பலன் அது. கடனாலும் தனிமையாலும் உடைந்துபோகும் வன்னிக் குடும்பங்களுக்கும் அப்படி ஒரு தேடலைச் செய்ய நாம் கடமைப்பட்டிருக்கிறோம். மன அழுத்தத்தில் இருப்பவர் எந்நேரமும் அழைக்கக்கூடிய 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை ஒவ்வொரு தற்கொலைச் செய்தியின் கீழும் அச்சிடுவதற்கு இரண்டு வரி இடம் போதும். அதற்குக்கூட எத்தனை பத்திரிகைகள் இடம் ஒதுக்குகின்றன?

பெண்பிள்ளைகள் மீதான வன்முறையிலும் இதே பிழையைச் செய்தோம். 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வல்லுறவுக்குப் பின் கொல்லப்பட்டபோது வடக்கு முழுவதும் கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. 2017 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் அமர்ந்த மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் உயிரற்ற உடலின் படத்தைக் கைபேசி கைபேசியாக அனுப்பியவர்களும் நாங்கள்தான். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதைத் தண்டனைச் சட்டக்கோவை 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே தடுத்துவிட்டது. சட்டம் வந்து 20 ஆண்டுகள் கழித்தும் கொலையுண்ட ஒரு பிள்ளையின் மானத்தை எங்களால் காக்க முடியவில்லை. நீதி கேட்டு அவரின் படத்தைப் பிடித்தோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். படலையைத் தட்டிக் காணொளி எடுப்பவரும் உதவி செய்யத்தான் எடுத்தேன் என்றே சொல்கிறார்.

அயலவர் துயரத்தைக் கதையாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் யூடியூப்போடு வந்ததும் அல்ல. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் ‘சொல்வதெல்லாம் உண்மை’ போன்ற நிகழ்ச்சிகள் ஏழைக் குடும்பங்களின் சண்டைகளை ஒளிவெள்ளத்தில் வைத்து விசாரித்தன. கேபிள் வழியாக அவற்றை எங்கள் வீட்டு விறாந்தைகளில் இருந்து இரவு இரவாகப் பார்த்தோம். 2018 இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை அங்கே வந்தது. பார்த்துப் பழகிய கண் இங்கே மாறவில்லை. கணவன் மனைவி பிணக்கையும் வயிற்றுப் பசியையும் ஆறுதலாகக் குந்தியிருந்து பார்க்கும் பொருளாக ஏற்றுக்கொண்ட பிறகுதான், அதே பொருளைச் சொந்த ஊரில் எடுத்து விற்கத் துணிச்சல் பிறந்தது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. இந்தக் காணொளிகளால் பல குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது, கிணறு கிடைத்திருக்கிறது, சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்ந்திருக்கிறது. அரசின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் வராமல் பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலர் அலுவலகத்துக்கும் அலைந்து களைத்த பெண்ணின் படலையை முதலில் தட்டியது ஒரு யூடியூபராக இருக்கலாம். 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போனபோது பலரின் அடுப்பு எரிந்தது புலம்பெயர் உறவுகள் அனுப்பிய காசால். அரசு தவறிய இடத்தில் தனியார் வந்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் கிணறு வெட்டுவதற்குப் பணம்தான் தேவை. அழுத முகம் அந்தக் கிணற்றுக்கு ஒரு வாளி தண்ணீரையும் கூட்டிக் கொடுப்பதில்லை. முகம் தேவைப்படுவது காணொளிக்கு. காணொளி தேவைப்படுவது பார்வையாளர் எண்ணிக்கைக்கு. அந்த எண்ணிக்கையில் இருந்து வரும் வருமானம் யாருக்குப் போகிறது என்பதை அந்த வீட்டுக்காரிக்கு யாரும் கணக்குக் காட்டியதில்லை.

முகம் காட்டாமல் உதவ முடியாது என்பவர்கள் இந்த ஊரின் சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கிளிநொச்சியில் குருகுலமும், ஜெயந்திநகர் மகாதேவா சிறுவர் இல்லமும் பெற்றாரை இழந்த பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்த்தன. கிராமங்களில் பிடியரிசி சேர்த்து, எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று பார்த்துச் சத்தமில்லாமல் கொடுத்தார்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறவனை எங்கள் பெரியவர்கள் மனிதனாக மதித்ததில்லை. அந்த ஒழுக்கம் எங்களிடம் இருந்தது. அது எங்கள் கையாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

கிளிநொச்சியில் தங்கள் முகத்தைத் தாங்களே உலகுக்குக் காட்டிய தாய்மாரும் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றலில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மழையிலும் வெய்யிலிலும் பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் யாரிடமும் பை கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்கே என்று அரசைக் கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள். பதில் வராமலே பல தாய்மாரும் தகப்பன்மாரும் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களின் முகம் அவர்களின் சொந்த விருப்பில் வெளியே வந்த முகம். கேள்வி கேட்கின்ற முகம். அந்தப் போராட்டத்துக்குப் பத்திரிகைகள் பெப்ரவரி 20 இலும், ஓகஸ்ட் 30 சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்திலும் இடம் கொடுக்கின்றன. மற்ற நாட்களில் உள்பக்கத்தில் ஒரு பத்தி. ஆனால் அதே தாய்மாரில் ஒருவர் வறுமையில் அழுதால் இலட்சம் பேர் பார்க்கிறார்கள். அழும் பெண்ணைத் தாங்கிக்கொள்ளும் நாம், கேட்கும் பெண்ணைத் தாங்கிக்கொள்வதில்லை. வன்னிப் பெண்ணை உரிமையுள்ள குடிமகளாகப் பார்ப்பதை விடக் கைகூப்பும் ஏழையாகப் பார்ப்பது எமக்கு இலகுவாக இருக்கிறது. இந்தப் பார்வையை ஊடகமும் சமூகமும் சேர்ந்தே வளர்த்தன. சேர்ந்தே திருத்த வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளிடம் உரிமையோடு சில வார்த்தைகள். குளிரிலும் இரவு வேலையிலும் உழைத்த காசை அனுப்புகிறீர்கள். அந்தக் காசு உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று அறிய விரும்புவது நியாயம். கடந்த காலத்தில் பலர் உங்களை ஏமாற்றியும் இருக்கிறார்கள். ஆனால் சான்று என்றால் அழுத முகம்தான் என்று யார் சொன்னது? பற்றுச்சீட்டு கேளுங்கள். பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கிராம அலுவலரையும் கொண்டு உறுதிப்படுத்துங்கள். கட்டி முடித்த கிணற்றின் படத்தைக் கேளுங்கள். அதன் அருகில் நிற்கும் பிள்ளையின் படத்தைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கும் லண்டன் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளையின் படத்தைப் பெற்றாரின் அனுமதியின்றி வெளியிட நீங்கள் விடமாட்டீர்கள். தருமபுரத்திலும் விசுவமடுவிலும் இருக்கும் பிள்ளைக்கு அதே மதிப்பு உண்டு.

அரசு இதைச் சட்டம் போட்டு அடக்கட்டும் என்று நாம் கேட்கவில்லை. 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் யாரின் வாயை மூடப் பயன்படும் என்ற அச்சம் எமக்கு உண்டு. 2000 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜனைச் சுட்டுக்கொன்றதையும், 2006 மே மாதம் ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைக் கொன்றதையும் கண்ட சமூகம், எழுதுபவரையும் படம்பிடிப்பவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசின் கையில் தூக்கிக் கொடுக்காது. சிறுவரையும் பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரையும் காக்க ஏற்கனவே இருக்கும் சட்டங்களை நடைமுறைப்படுத்தினால் போதும். மற்றது எங்கள் சொந்தக் கட்டுப்பாடு. பத்திரிகைகளுக்குப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக்கோவையும், 2003 முதல் இயங்கும் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவும் இருக்கின்றன. அந்தக் கோவையைத் தமிழ்ப் பத்திரிகையாளர் ஒவ்வொருவரும் வாசித்திருக்க வேண்டும். யூடியூப் நடத்தும் இளைஞர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வடக்கின் ஊடக அமைப்புகளும் யாழ். பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கைத் துறையும் அவர்களை அழைத்து இருத்தி, ஒரு பொது ஒழுக்கக்கோவையை அவர்களோடு சேர்ந்தே எழுத வேண்டும். அவர்களில் பலர் வேலையற்ற, கெட்டிக்கார, ஊருக்கு நல்லது செய்ய விரும்பும் பிள்ளைகள். அவர்களைத் துரத்துவது எமது நோக்கம் அல்ல. அந்தக் கமராவைக் கடன் நிறுவனத்தின் வாசலுக்கும், விடுவிக்கப்படாத காணிகளின் வேலிக்கும், மருந்தில்லாத வைத்தியசாலைக்கும் திருப்பச் சொல்கிறோம். அங்கே காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. காட்டத் துணிவும் வேண்டும்.

எனவே எமது தீர்ப்பு இது. 18 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளையின் முகமும் உதவிக் காணொளியில் வரக்கூடாது. இதற்கு விலக்கு இல்லை. உதவி முதலில் கொடுக்கப்பட வேண்டும். படம் எடுக்கலாமா என்ற கேள்வி அதன் பிறகே வர வேண்டும். வேண்டாம் என்றால் அதோடு முடிய வேண்டும். ஏற்கனவே வெளியிட்ட காணொளியை அந்தக் குடும்பம் நீக்கச் சொன்னால் அன்றே நீக்க வேண்டும். கடன் தொடர்பான செய்தியில் பெண்ணின் குடும்ப விபரத்துக்குப் பதிலாக வட்டி வீதமும் நிறுவனத்தின் பெயரும் வர வேண்டும். தற்கொலைச் செய்தி முதற் பக்கத்துக்கு வரக்கூடாது. காரணம் என்று ஒற்றை வரியில் எவர் மீதும் பழி போடக்கூடாது. பிரதேச செயலகங்கள், காணொளி வெளியான பிறகு ஓடிப்போய் உதவும் வழக்கத்தை விட்டு, படலை தட்டப்படுவதற்கு முன்னரே அந்த வீட்டைத் தங்கள் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். கோயில் பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் தங்களிடம் சேரும் காசில் ஒரு பங்கை இவ்வாறு சத்தமில்லாமல் கொடுக்க ஒதுக்க வேண்டும்.

வாசகரே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை அழுகின்ற ஒரு தாயின் காணொளி உங்கள் கைபேசிக்கு வரும்போது அதைப் பகிராதீர்கள். உதவ விரும்பினால் அந்த ஊரின் சங்கத்தை அழைத்து உதவுங்கள். பகிர்வது குறைந்தால் எடுப்பது குறையும்; இந்தச் சந்தை உங்கள் விரல்களில்தான் நடக்கிறது. போர் இந்த மக்களிடமிருந்து பிள்ளைகளையும் வீட்டையும் நிலத்தையும் பறித்தது. எஞ்சியிருப்பது மானம். அதைப் பறிக்கும் உரிமை உதவி செய்பவர் உட்பட எவருக்கும் இல்லை. அதைப் பறித்துக் கொடுக்கப்படும் எதையும் உதவி என்று இனிமேல் நாம் ஏற்கமாட்டோம்.